கையால் செய்த அச்சில் கண்ணாடி வார்ப்பு: என் பூனை ஏன் உடைந்தது?

ஈரமண்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக மண் வேலை செய்கிறேன். கண்ணாடிக்குப் புதுசு.

சுருண்டு படுத்துத் தூங்கும் பூனை ஒன்றை மெழுகில் செய்தேன். அதைச் சுற்றி பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் சிலிக்கா மாவும் கலந்த அச்சு ஊற்றி, ஆவி காட்டி மெழுகை உருக்கி வடித்தேன். அச்சின் வாய் மேலே பார்த்தபடி, அதாவது பூனை மல்லாக்க இருக்கும்படி வைத்து, கண்ணாடித் துண்டுகளை நிரப்பினேன். சூளையை 850 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்தினேன். இறங்கும்போது 540-இல் இன்னொரு இரண்டு மணி நேரம். அப்புறம் சூளையை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் மாலை அச்சை உடைத்து எடுத்தபோது பூனை முழுசாகத்தான் இருந்தது. மடியில் வைத்துத் தூரிகையால் பிளாஸ்டரைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். கையிலேயே இரண்டாகிவிட்டது. வயிறு 6 சென்டிமீட்டர் தடிமன், வால் நுனி ஒன்றரை. தவறு அச்சிலா, சூட்டிலா, என் அவசரத்திலா?

பழைய_சூளை

முதலில், கையுறை போட்டுக்கொண்டு உடைந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், ஏதோ ஒன்று சூட்டில் இருக்கும்போதே பிரிந்து மறுபடி இளகியிருக்கிறது என்று பொருள். கத்தி போல இருந்தால் ஆறும்போதோ ஆறிய பிறகோ உடைந்தது.

ஈரமண்

கத்திதான் ஐயா. விரலுக்கு ஒரு பிளாஸ்திரி ஏற்கெனவே ஒட்டியாயிற்று.

பழைய_சூளை

அப்படியானால் 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை' என்ற கதைதான்.

கண்ணாடி வெளியிலிருந்து உள்ளே ஆறும். மேல்தோல் இறுகிவிட்ட பிறகும் நடு வயிறு இன்னும் சுருங்கப் பார்க்கும். இறுகிய தோல் விடாது. அந்த இழுபறி உள்ளேயே பூட்டிக்கொள்ளும். பிறகு ஒரு நாளோ ஒரு மாதமோ கழித்து, தூரிகை பட்டால்கூட அவிழும். இதைத் தவிர்க்கத்தான் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் நிறுத்தி, எல்லா இடமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு மெல்ல இறக்குகிறோம். இதற்குத்தான் அனீலிங் என்று பெயர்.

இதில் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் தடிமன். தடிமன் இரண்டு மடங்கானால் ஆற்றும் நேரமும் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இறக்கும் நேரம் நாலு மடங்கு ஆகும். புல்ஸ்ஐ நிறுவனம் தன் கண்ணாடிக்கு வெளியிட்டிருக்கும் அட்டவணையில், 25 மில்லிமீட்டர் கட்டிக்கு 482 டிகிரியில் 4 மணி நேரம் நிறுத்தி, பிறகு 427 வரை மணிக்கு 15 டிகிரி வீதம் இறக்கச் சொல்கிறார்கள். 50 மில்லிமீட்டருக்கு 8 மணி நேரம், பிறகு மணிக்கு 3.8 டிகிரி. 62 மில்லிமீட்டருக்கு 10 மணி நேரம், பிறகு மணிக்கு 2.4 டிகிரி. 427-க்குக் கீழே கொஞ்சம் வேகம் கூடும், 371-க்குக் கீழே இன்னும் கூடும். எல்லாம் சேர்த்தால் உங்கள் பூனைக்கு ஏறக்குறைய மூன்று நாள். நீங்கள் கொடுத்தது ஒரு ராத்திரி.

இன்னொன்று, அந்த அட்டவணை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆறும் தட்டைக் கட்டிக்கானது. உங்கள் அச்சில் மேலே வாய் திறந்திருக்கிறது, பக்கமெல்லாம் பிளாஸ்டர் கம்பளி போர்த்தியிருக்கிறது. மேல் பக்கம் முந்தி ஆறும். அதனால் தடிமனைக் கூடுதலாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். நானாக இருந்தால் 75 மில்லிமீட்டர் வரியைத்தான் எடுப்பேன். அது நாலு நாளுக்கு மேல் போகும்.

ஈரமண்

நாலு நாளா! மண் சூளையில் ஒரு நாள் காத்திருப்பதற்கே நான் வாசலுக்கும் சூளைக்கும் நடப்பேன்.

ஒளிவட்டம்

பழைய_சூளை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஒரு கேள்வி கேட்க எல்லோருமே மறந்துவிட்டோம். என்ன கண்ணாடி போட்டீர்கள்?

ஈரமண்

ஜன்னல் கண்ணாடித் துண்டுகள். கூடவே வாலுக்கு நிறம் வேண்டும் என்று ஒரு நீல பாட்டிலை உடைத்துக் கொஞ்சம் போட்டேன். இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். நீலம் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் நட்சத்திரம் போலச் சின்னச் சின்ன விரிசல்கள் இருக்கின்றன. வயிற்றை இரண்டாக்கிய பெரிய விரிசல் வேறு, அது வில் போல வளைந்து போகிறது.

ஒளிவட்டம்

அப்படியென்றால் உங்களிடம் இருப்பது இரண்டு நோய். வில் போல வளைந்தது அண்ணன் சொன்ன நோய். நட்சத்திரம் வேறு.

சுட்டால் விரிவது, ஆறினால் சுருங்குவது எல்லாக் கண்ணாடிக்கும் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. கலைக் கண்ணாடி விற்பவர்கள் 90, 96 என்று எண் போட்டு விற்பது இந்த விரிவு அளவைத்தான். ஜன்னல் கண்ணாடி அதைவிடக் குறைவு, 80-களில் நிற்கும். பாட்டில் எங்கே நிற்கும் என்பது அந்தப் பாட்டிலுக்கே வெளிச்சம். நீங்கள் மண் வேலைக்காரர், கிளேஸ், அதாவது பாண்டத்தின் மேல் சுட்டு ஏற்றும் கண்ணாடிப் பூச்சு, விரிசல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். மண் உடம்பும் கிளேஸும் ஒத்துப்போகாததுதானே அங்கே காரணம்? இங்கேயும் அதேதான். ஒட்டும், உருகும், அழகாகக் கலந்த மாதிரி இருக்கும். ஆறும்போது சண்டை. இந்தச் சண்டையை எத்தனை நாள் ஆற்றினாலும் தீர்க்க முடியாது.

மெழுகுதிரி

நான் வருடக்கணக்காகப் பாட்டிலில்தான் வார்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே. பாட்டிலைக் கெட்டது என்று ஒதுக்காதீர்கள்.

ஒளிவட்டம்

ஒதுக்கவில்லை. ஒரு வார்ப்புக்கு எத்தனை பாட்டில் போடுகிறீர்கள்?

மெழுகுதிரி

ஒன்று. பெரிய பாட்டிலாகப் பார்த்து எடுப்பேன். சரி சரி, புரிகிறது. ஒரு பாட்டிலுக்குள் சண்டை கிடையாது.

ஆனால் அதில் ஒரு தொல்லை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் கண்ணாடி சீக்கிரம் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும், படிகமாகிப்போன தோல் அது. 700, 750 பக்கம் நின்று நின்று ஏறினால் கட்டாயம் பூக்கும். அந்த இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் சடாரென்று தாண்ட வேண்டும்.

ஒளிவட்டம்

ஒத்துப்போகிறதா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே சோதனை செய்யலாம். தெளிந்த கண்ணாடிப் பட்டை ஒன்றின்மேல் நீலச் சில்லு ஒன்றை வைத்து உருக்கி, நன்றாக ஆற்றி எடுங்கள். மடிக்கணினித் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து, திரை கறுப்பாகும் வரை மெதுவாகத் திருப்புங்கள். கறுத்ததும் அப்படியே நிறுத்தி, இரண்டுக்கும் நடுவில் பட்டையை நீட்டுங்கள். இழுபறி இல்லாவிட்டால் எல்லாம் கறுப்பாகவே இருக்கும். இருந்தால் சில்லைச் சுற்றி நிலவுக்கு ஒளிவட்டம் கட்டின மாதிரி வெள்ளையாகத் தெரியும். என் பெயர்க் காரணமும் அதுதான்.

ஈரமண்

இப்போதே உடைந்த பூனையைப் பிடித்துப் பார்த்தேன். நீலத்தைச் சுற்றி விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது! வயிற்றிலும் வெள்ளைத் திட்டு. சூளைக்குப் போகும் முன்பே இதைச் செய்திருக்கலாம்.

தூசிப்பகை

பேச்சு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். ஈரமண், சிலிக்கா மாவைக் கலக்கும்போது முகத்துக்கு என்ன போட்டீர்கள்?

ஈரமண்

கைக்குட்டை கட்டிக்கொண்டேன்.

தூசிப்பகை

கைக்குட்டை ஈயைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை போகும் சிலிக்கா தூசி கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடும், தெரியாததுதான் உள்ளே போய்த் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் ஆகும். போனது திரும்ப வராது, மருந்தும் கிடையாது. குறைந்தது நுண்தூசியை வடிகட்டும் என்95 முகமூடி, முடிந்தால் அதைவிட நுணுக்கமான பி100 வடிகட்டி போட்ட ரப்பர் முகமூடி. தாடி இருந்தால் இடைவெளி விடும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எல்லோரும் கலக்கும்போது மட்டும் கவனமாக இருப்பார்கள். சுட்ட அச்சை உடைக்கும்போதுதான் அது பொடிப்பொடியாக உதிர்ந்து அறை முழுக்கப் பறக்கும். கண்ணாடி முழுக்க ஆறிய பிறகு, அச்சின்மேல் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு உடையுங்கள்.

மெழுகுதிரி

ஒன்றிரண்டு தடவைக்கு இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

தூசிப்பகை

ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்தியவர் யாரையாவது இங்கே காட்டுங்கள்.

ஈரமண் (மூன்று வாரம் கழித்து)

முகமூடி வாங்கியாயிற்று. ஒரே எண்ணுள்ள கண்ணாடியும் வாங்கினேன், தெளிந்தது பெரிய துண்டுகளாக, நீலம் பொடியாக. அட்டவணைப்படி ஆற்றினேன். உடையவில்லை! ஆனால் பூனைக்கு முதுகில் துடுப்பு முளைத்திருக்கிறது. முதுகுத்தண்டு நெடுக, காகிதம் போல மெல்லிய கண்ணாடித் தகடு, இரண்டு சென்டிமீட்டர் உயரம். அச்சு வெடித்து, வெடிப்புக்குள் கண்ணாடி போயிருக்கிறது. கொஞ்சம் வழிந்து சூளைத் தட்டிலும் ஒட்டிவிட்டது. இந்தத் தடவை என்ன பாவம் செய்தேன்?

பழைய_சூளை

அச்சை எத்தனை நாள் காயவைத்தீர்கள்? சுவர் எத்தனை தடிமன்?

ஈரமண்

இரண்டு நாள் வெயிலில். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பிறகு சூளையில் ஒரு மணி நேரத்தில் 300 டிகிரி. சுவர் சுமார் 2 சென்டிமீட்டர். முதுகுப் பக்கம் மட்டும் ஒன்று இருக்கலாம், ஊற்றும்போது மெழுகு சாய்ந்துவிட்டது.

பழைய_சூளை

எல்லாப் பாவமும் செய்திருக்கிறீர்கள்.

தொட்டுப் பார்த்து அச்சின் ஈரம் தெரியாது. இறுகின பிளாஸ்டர் என்பது ஜிப்சம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், வேதியியலாகவே உள்ளே கட்டுண்டு கிடக்கிறது. அதற்குமேல் துளைகளில் தேங்கிய தண்ணீர் வேறு. துளைத் தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழேயே விரட்டிவிட வேண்டும். விடாமல் ஏற்றினால் உள்ளே ஆவியாகி அச்சைப் பிளக்கும். கட்டுண்ட தண்ணீர் 100-க்கு மேல் ஏற ஏற, 180 பக்கம் வரை மெல்ல விடுபடும்.

நான் செய்வது இப்படி. அச்சை ஊற்றியதும் எடை போட்டு அதன் பக்கத்திலேயே எழுதுவேன். தினமும் எடை போடுவேன். எடை இறங்குவது நிற்கும் வரை சூளைக்கு அனுப்பமாட்டேன். அப்புறம் சூளையில் 95 டிகிரியில் ஒரு ராத்திரி முழுக்க. காலையில் சூளையின் மேல் துளை அருகே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பிடித்தால் மூச்சுவிட்ட மாதிரி பனி படியக் கூடாது. படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பிறகு மணிக்கு 50 டிகிரி வீதம் 200 வரை, அங்கே சில மணி நேரம். அதற்குமேல் 573 என்ற எண்ணை மட்டும் மறக்காதீர்கள். அந்தச் சூட்டில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காப் படிகம் திடீரென்று விரியும், உங்கள் சிலிக்கா மாவு அத்தனையும் குவார்ட்ஸ்தான். மண் வேலைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 600 தாண்டும் வரை நிதானம். பிறகு வேண்டுமானால் 830-க்கு ஓடலாம்.

மெழுகுதிரி

கலவையைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் எனக்குக் கை பழக்கம். எடைக் கணக்கில் தண்ணீர் ஒன்று, பிளாஸ்டர் ஒன்று, சிலிக்கா ஒன்று. மறக்கவே முடியாது. தூள் இரண்டையும் முதலில் உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள். தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தூவியதும் கை வைக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், அதுவாக ஊறி அமிழும். பிறகு கையை அடி வரை விட்டு, விரல்கள் மேலே வராமல் மெதுவாக அளையுங்கள். கரண்டியால் அடித்தால் குமிழி வரும். குமிழி மெழுகில் ஒட்டினால் பூனைக்கு மரு. கையை வெளியே எடுத்தால் நகம் தெரியாத அளவுக்குக் கலவை பூசியிருக்க வேண்டும். நகம் தெரிந்தால் இன்னும் பொறுங்கள்.

முதல் பூச்சை மெல்லிய தூரிகையால் மெழுகின்மேல் தடவி, காதோரம் வாலிடுக்கெல்லாம் வாயால் ஊதிப் படிய வையுங்கள். அது இறுகத் தொடங்கும்போதே அடுத்ததை ஊற்றுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு ஊற்றினால் இரண்டு தோலாகப் பிரியும். சுவர் எல்லாப் பக்கமும் ஒரே அளவு, இரண்டரை சென்டிமீட்டர். மெழுகு சாயாமல் இருக்க அடிப்பலகையில் சூடாக்கி ஒட்டிவிடுங்கள். வெளிச்சுற்றில் பழைய அச்சை உடைத்த நொறுக்கல்களைக் கலந்துகொள்கிறேன். ஒருமுறை சுட்டது என்பதால் அது மறுபடி சுருங்காது, வெடிப்பையும் வழியிலேயே தடுக்கும். அச்சைச் சுற்றி மணல் கொட்டி அணைகட்டினால் வழிந்தாலும் தட்டு பிழைக்கும்.

ஈரமண்

இன்னொரு ஆசை. வயிற்றை உள்ளீடற்றதாகச் செய்தால் தடிமன் குறையும், நாலு நாள் காத்திருக்க வேண்டாம் இல்லையா? பிளாஸ்டர் உருண்டை ஒன்றை நடுவில் வைத்தால்?

பழைய_சூளை

மிதக்கும். காய்ந்த அச்சுக் கலவை கண்ணாடியைவிட மிகவும் லேசு.

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கிக்கான கண்ணாடியை 1934 மார்ச்சில் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி ஆலையில் வார்த்தபோது, எடை குறைய வேண்டும் என்று அச்சுக்குள் தேன்கூடு போல நிறைய உள்ளச்சுகளை நிறுத்தியிருந்தார்கள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சில உள்ளச்சுகள் பிய்த்துக்கொண்டு மேலே மிதந்து வந்துவிட்டன. அதே வருடம் டிசம்பரில் பிடிமானத்தை மாற்றி மறுபடி வார்த்தார்கள், அது நின்றது. அதை ஆற்ற எடுத்துக்கொண்ட காலம் சுமார் பத்து மாதம். நடுவில் ஆற்றில் வெள்ளம் வந்து மின்சாரம் போன கூத்தும் உண்டு. நாலு நாளுக்கு அழுகிறீர்களே!

உள்ளச்சு வேண்டுமென்றால் அது வெளி அச்சோடு ஒரே உடம்பாக, கழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். ஆனால் முதல் பூனைக்கு வேண்டாம்.

ஒளிவட்டம்

வயிற்றைக் காலியாக்காதீர்கள் என்பது என் கட்சியும். தடிமன்தான் இந்தக் கலையின் அழகே. செக் நாட்டு இணையர் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, யாரோஸ்லாவா பிரிக்டோவா இருவரின் வார்ப்புகளைப் படத்திலாவது பாருங்கள். ஒரே நிறக் கண்ணாடி. மெல்லிய இடத்தில் வெளிறி, தடித்த இடத்தில் இருண்டு, தடிமனை வைத்தே ஒளியைச் செதுக்கியிருப்பார்கள். உங்கள் பூனைக்கும் காது வெளிறி, வயிறு ஆழமாகத் தெரியும். அதற்கு வெளிர்நிறம் எடுக்க வேண்டும். கைவிரல் அளவுத் துண்டில் அழகான நீலமாக இருப்பது 6 சென்டிமீட்டரில் கறுப்பாகிவிடும். பொடி போட்டால் துகள்களுக்கு நடுவிலெல்லாம் காற்று சிக்கிப் பனிமூட்டம் போல வரும். பெரிய கட்டிகள் போட்டால் தெளிவு. மூட்டமும் ஓர் அழகுதான், எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஈரமண்

தெளிவுதான் வேண்டும். ஆனால் கட்டிகளை நிரப்பினால் பாதிக்குமேல் இடமில்லை, உருகினால் அச்சில் பாதிதான் வருகிறது. எவ்வளவு போடுவது என்றும் கண் கணக்குதான்.

மெழுகுதிரி

வடிப்பதற்கு முன் மெழுகை எடை போடுங்கள். மெழுகின் அடர்த்தி சுமார் 0.9, கண்ணாடி 2.5. ஆக மெழுகு எடையை 2.8-ஆல் பெருக்கினால் கண்ணாடி எடை. அச்சுக்கு மேலே செங்கல் துண்டுகளில் ஒரு சுட்ட மண் பூந்தொட்டியை நிறுத்தி, உள்ளே கண்ணாடி ஒட்டாமலிருக்கச் சூளைப் பூச்சு தடவி, கட்டிகளை அதில் போடுங்கள். அடி ஓட்டை வழியாக இழையாக இறங்கும். குமிழியும் பெரும்பாலும் தொட்டியோடு நின்றுவிடும். தொட்டியில் ஒட்டி நிற்பதற்கும் சேர்த்து ஒரு நூறு கிராம் கூடப் போடுங்கள்.

ஈரமண் (ஐந்து வாரம் கழித்து)

மெழுகு 570 கிராம். கண்ணாடி 1,700 கிராம், மிக வெளிர் நீலம், பூந்தொட்டியில். அச்சு பதினோரு நாள் எடை இறங்கிக்கொண்டே இருந்தது, பன்னிரண்டாம் நாள் நின்றது. 830-இல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு துளை வழியாக ஒரே ஒரு நொடி பார்த்தேன். ஓட்டையிலிருந்து ஒரு கம்பி அசையாமல் தொங்குவது போல இருந்தது. அது இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பிறகு நாலு நாள் சூளைப் பக்கமே போகாமல் இருக்கச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன்.

துடுப்பு இல்லை. விரிசல் இல்லை. ஒட்டியிருந்த பிளாஸ்டர் தோல் ஒரு ராத்திரி வினிகரில் ஊறி, நைலான் தூரிகைக்கு உதிர்ந்துவிட்டது. திரைக்கு முன் பிடித்தேன். வயிற்றில் லேசான சாம்பல் நிழல், அவ்வளவுதான். ஆனால் இடது காது நுனி மொட்டையாக இருக்கிறது.

மெழுகுதிரி

அச்சில் காது தலைகீழாக அடியில் இருக்கிறது. கண்ணாடி மேலே மூடிக்கொள்ள, குழிக்குள் காற்று மாட்டிக்கொண்டது. அடுத்த தடவை காதுக் குழிகளை முதலிலேயே அதே கண்ணாடிப் பொடியால் அடைத்துவிடுங்கள். இப்போதைக்கு அடியைத் தண்ணீர் விட்டுக்கொண்டே வைரத் துகள் பதித்த தேய்ப்புத் திண்டால் தேயுங்கள், சொரசொரப்பு எண் 60-இல் தொடங்கி 120, 220, 400. வலது காதை இடது காது அளவுக்குத் தேய்த்தும் சரிசெய்யலாம்.

தூசிப்பகை

தண்ணீர் விட்டுக்கொண்டே என்பதை இரண்டு தடவை படிக்கவும்.

ஈரமண்

படித்தேன். காதைத் தொடப்போவதில்லை, சண்டை போட்டுவிட்டு வந்து தூங்குகிற பூனை மாதிரி இருக்கிறது. அடுத்ததற்கு மெழுகு உருகிக்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை நாய்.